ஒரு முழத் தோல்

"கொழந்தை கண்ணைச் சொருகுதே, காளியண்ணா! வண்டி எப்பத்தான் நகரும்?"

மயிலாத்தாள் இப்படிக் கேட்பது எத்தனையாவது தடவையோ. டிரைவர் காளியண்ணன் காருக்கடியில் மல்லாந்து கிடந்தான். பாவம், அவன்தான் என்ன சொல்லுவான்?

"இதோ ஆச்சுங்க அம்மிணி."

கார் என்றால் சாதாரணக் காரா? கப்பலேறிப் போன துரையிடம் மயிலாத்தாளின் புருஷன் மிட்டாதார் ஆசைப்பட்டு வாங்கின ரேஸ் கார். ரெண்டே சீட்டு. சமதரையில் பறக்கும், மேட்டைக் கண்டால் படுத்துக்கொள்ளும். அவருக்கென்ன, பெண்டாட்டி பிள்ளையைப் புளியஞ்சோலை கேம்ப்பில் விட்டுவிட்டு, துப்பாக்கியோடு கொல்லிமலைமேல் வேட்டைக்குப் போய்விட்டார். இங்கே கைக்குழந்தை காலையிலிருந்து வாந்தியும் பேதியுமாகத் துவண்டு போயிற்று. துறையூர் டாக்டரிடம் போக இந்த ஒரு சனியன்தான் மிச்சம்.

அதுவும் முதல் மேட்டிலேயே நின்றுவிட்டது. இஞ்சின் காட்டையே எழுப்புகிற மாதிரி உறுமுகிறது. சக்கரம் அசைய மாட்டேன் என்கிறது. கிளட்ச் நழுவுகிறது.

பெடல் கம்பியைத் தளர்த்திப் பார்த்தான். ஸ்பிரிங்கை முறுக்கிப் பார்த்தான். எண்ணெய் ஏறியிருக்குமோ என்று காய்ந்த மண்ணைப் பொடித்துத் தூவியும் பார்த்தான். ஊஹூம். கடைசியில் கால்பலகையைக் கழற்றினான். அந்தக் கிளட்ச்சுக்குப் பிடிமானமே அதைச் சுற்றியிருக்கிற தோல் வார்தான். அது கருகிப் பாதிக்குமேல் காணவே காணோம்.

"ஒரு முழம் தோல் கெடைச்சாப் போதுங்க அம்மிணி. துறையூரு வரைக்கும் ஓட்டிருவேன்."

தன் செருப்பையே அறுத்துப் பார்த்தான். தடிமன். இடுக்கில் நுழையவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். ஓடைக்கு அக்கரையில் ஒற்றைக் குடிசை. முன்னாலிருந்த பாறைமேல் வெள்ளாட்டுத் தோல் ஒன்று வெயிலில் விரித்திருந்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஓடினான்.

"அங்கியே நில்லுங்க சாமி! கிட்ட வராதீங்க!"

குடிசைக்காரன் அண்ணாமலை. மேலே வளப்பூர் நாட்டில் வெள்ளாமை செய்கிறவன்.

"ஏய்யா, நான் என்ன புலியா? அந்தத் தோலைக் குடு. கைக்கொழந்தை உசுரு ஊசலாடுது."

அண்ணாமலை எட்டிக் காரைப் பார்த்தான். மயிலாத்தாள் மடியைப் பார்த்தான். முகம் செத்துப் போயிற்று.

"பச்சப்புள்ளைங்களா? அப்படின்னா குடுக்கவே படாதுங்க."

"என்னது? ஒண்ணுக்கு ரெண்டு தோலா மிட்டாதாரு குடுப்பாரய்யா!"

"இந்த ஊட்டுச் சாமான் எதுவும் இப்ப வெளிய போகப்படாதுங்க. உங்க கால்ல வேணாலும் உழுகறேன்."

"ஏன்னு சொல்லித் தொலையேன்!"

"என் வாயால சொல்லப்படாதுங்க. உத்தரவு கேட்டுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் தொட்டுராதீங்க."

காளியண்ணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அங்கே ஒரு குழந்தை போய்க்கொண்டிருக்கிறது. இவன் ஒரு ஆட்டுத் தோலுக்கு எவனிடமோ உத்தரவு கேட்டு வருவானாம்! ஓடையைத் தாண்டினான். அண்ணாமலையின் நெஞ்சில் கை வைத்து ஒரே தள்ளு. தோலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். விழுந்தவன் எழுந்து திருப்பி அடிக்கவில்லை. கையைப் பிசைந்தான், பிறகு குடிசைக்குள் ஓடினான். அரிவாள் எடுக்கத்தான் போகிறான் என்று நினைத்துக் காளியண்ணன் கால் தெறிக்க ஓடி வந்தான்.

"அவனும் ஒரு மனுசனா?" மயிலாத்தாள் கொதித்தாள். "கொழந்தையைக் காட்டியுமா தரமாட்டேன்னான்?"

"இவனுகளுக்கெல்லாம் ஈவு எரக்கம் ஏதுங்க அம்மிணி? நல்லாவே இருக்க மாட்டான், பாருங்க."

பெடலுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தான். தோலை வாராக அறுத்து, தண்ணீரில் நனைத்து, இரண்டாக மடித்தான். ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு முனையைக் கிளட்ச் இடுக்கில் விரலாலேயே திணித்தான். நகம் பெயர்ந்தது. போகட்டும்.

முட்டுக்கட்டையை எடுத்தான். முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றிவிட்டான். இஞ்சின் பிடித்தது. பெடலை மெதுவாக விட்டான்.

கார் ஒரு குலுக்குக் குலுக்கி மேட்டில் ஏறியது.

"காளியண்ணா! நீ நல்லா இருக்கோணும்ப்பா!" மயிலாத்தாளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மேட்டு உச்சியில் காரை நிறுத்தினான். பின்னாலேயே நடந்து வந்தவள் ஏறி உட்காருவதற்காகக் குழந்தையை அவனிடம் நீட்டினாள்.

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். காலையிலிருந்து எதையும் வாயில் வாங்காத குழந்தை, அவன் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு சப்ப ஆரம்பித்தது.

"பசி வந்திருச்சுங்க அம்மிணி! இனிப் பயமில்லீங்க!" விரலை எடுக்க மனசே வரவில்லை.

அப்போது கீழே ஓடையோரம் அண்ணாமலை மூச்சிரைக்க ஓடி வந்து நின்றான். கையில் அரிவாள் இல்லை. ஒரு கொத்து வேப்பிலை. இக்கரைக்கு வராமல் அங்கிருந்தே கத்தினான்.

"உத்தரவு கெடைச்சிருச்சுங்க சாமி! அவ இருக்கற ஊட்டுல, அவளே உத்தரவு தராம நாங்க பேரு சொல்லப்படாதுங்க. அவ முன்னால பூப்போட்டுக் கேட்டுட்டு ஓடியாரேன். எம்மவன் மேல ஆத்தா எறங்கியிருக்கறாளுங்க, ஒடம்பு பூராவும் முத்து! அவன் படுத்துக் கெடந்த தோலுங்க அது. அதைத் தொட்ட கையோட கொழந்தையை மட்டும் தூக்கிராதீங்க!"