சலாலா வாசகர்

“வந்தவனை வெளியே விடக் கூடாது. அதுக்கு என்ன பெட்டி இருக்கு?” என்று கேட்டார் அப்பா.

ஆள் கடத்தல் எதுவும் இல்லை. அவருடைய வலைப்பூவைப் பற்றித்தான் பேச்சு.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “இருந்தவனை வெரட்டியாச்சு. இப்ப வந்தவனைப் பிடிச்சு வைக்கப் பெட்டி கேக்குறாரு!”

“மணிமேகலை! அவன் பேச்சு இந்த வீட்டுல கூடாதுன்னு சொல்லிருக்கேன்.”

அவன் என்றால் என் அண்ணன் பிரசாந்த். ஏழு மாதத்துக்கு முன்னால் திருவரங்குளம் பஸ் ஸ்டாப்பில், ஊரே பார்க்க, அப்பா அவனை அறைந்துவிட்டார். மறு மாதமே மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான். போன வேகத்தில் போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

அப்பாவுக்கு அந்தக் கவலை இருந்த மாதிரியே தெரியவில்லை. மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் நேரே கம்ப்யூட்டர். ஊர்ச் சேதி, டிரான்ஸ்பார்மர் சேதி எல்லாம் எழுதுவார். எழுதி முடித்ததும் கண் சைடுபாருக்குப் போய்விடும். பக்கத்தின் ஓரத்தில் நான் வைத்துக்கொடுத்த ப்ளக்இன் பெட்டிகள் அங்கேதான் வரிசையாக நிற்கும். அதிகம் படித்தவை, புதிய கருத்துகள், படிக்க வந்தவர் எந்த ஊர்.

“இந்த மூணும் பத்தாது வைசு. உள்ள வந்தவன் அரை மணி நேரமாச்சும் நிக்கணும்.”

பெற்ற பிள்ளை எங்கேயோ கிடக்க, இவருக்கு வாசகர் பைத்தியம். எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்தால் எனக்குக் குறும்பும் கூடவே வரும்.

பஸ் கண்டக்டர், கோயில் மைக்காரர், எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் என்று ஒரு தடவை கேட்ட குரலை அப்படியே பேசிக் காட்டாமல் நான் விடுவதே இல்லை. கருத்துப் பெட்டியில் ஆளாளாக இறக்கினேன்.

லண்டனிலிருந்து ஒருவர்: ‘மை டியர் நாகராசு, உங்கள் டிரான்ஸ்பார்மர் கட்டுரை படித்துக் கண் கலங்கினேன்.’

டோக்கியோவிலிருந்து: ‘நாகராசு சான், அடுத்த மின்தடை எப்போது?’

டொரான்டோவிலிருந்து: ‘ஏம்ப்பா, நம்மூருப் பலாப்பழம் கண்ணுக்குள்ளயே நிக்குது!’

இருந்த இடத்திலிருந்தே ஊரை மாற்றிக் காட்டப் போனில் ஒரு ஆப் போதும்.

அப்பா தினமும் பெட்டியை வாசிப்பார். “லண்டன் வந்திருக்கான், டோக்கியோ வந்திருக்கான், இங்கிட்டு என்னமோ சலாலாவாம்...” பிறகு உதட்டைப் பிதுக்குவார். “வேற ஊரு ஒண்ணும் வரலையா?”

லண்டனே பத்தாதாம்! சரி, மஸ்கட்டைக் காட்டினால் மூஞ்சி எப்படிப் போகும் என்று பார்க்க எனக்கு ஆசை. ஒரு சாயங்காலம் ஆப்பில் மஸ்கட்டைத் தட்டிவிட்டேன்.

பனியனோடு உட்கார்ந்திருந்த அப்பா, எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் டிரான்ஸ்பார்மர் பதிவே வரவில்லை. கொல்லையில் கொய்யா காய்த்தது, எங்கள் நாய் குட்டி போட்டது, அண்ணனின் பைக்கை வாரம் தவறாமல் துடைத்து ஸ்டார்ட் செய்து வைப்பது என்று எழுதித் தள்ளினார்.

“போட்டோப் பெட்டி ஒண்ணு வை வைசு. படம் ஓடிக்கிட்டே இருந்தா ஆள் நிக்கும்ல?”

நாலாம் நாள். போனோடு நான் பின்னால் நிற்பது தெரியாமல், பெட்டியில் மஸ்கட் என்று இருந்த இடத்தைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

“சாப்பிட்டியாடா?”

எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. கடைசியில் என் சொந்தக் குரல்தான் வந்தது.

“அப்பா... அது நான்ப்பா.”

“எது?”

“மஸ்கட்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“லண்டன்?”

“நான்தான்.”

“டோக்கியோ?”

“நான்தான்ப்பா.”

“அந்தப் பலாப்பழம்?”

தலையாட்டினேன்.

“அப்ப ஒருத்தனும் வரலை.” கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தவர், பாதியில் நின்றார். “இந்தச் சலாலாவும் நீதானா?”

குனிந்து பார்த்தேன். “இல்லையே. அது நான் இல்லை.”

“சத்தியமா?”

“சத்தியமாப்பா! அது எந்த நாட்டுல இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

“ஓமன்லதான் இருக்கு. மஸ்கட் இருக்குற அதே நாடு.”

சொன்னது அம்மா. கரண்டியோடு வாசல்படியில் நின்றாள். “மூணு மாசத்துக்கு முன்னாடியே கம்பெனியில அவனை அங்கிட்டு மாத்திட்டாங்க. மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் இல்லாதப்ப எங்கிட்டப் போன்ல பேசுவான். நீங்க எழுதுறீங்கன்னு அவன்கிட்டச் சொன்னதும் நான்தான்.”

“ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?”

“அவன் பேச்சு கூடாதுன்னது யாருங்க? இவகிட்டச் சொல்லலாம்னா, அடுத்த நிமிஷம் அவன் குரல்லயே நடிச்சுக் காட்டிருவா.”

அப்பா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். “எப்ப எப்ப வந்திருக்கான், பாரு.”

பெட்டியின் பழைய பட்டியலைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். “தினமும் வந்திருக்கான்ப்பா! டிரான்ஸ்பார்மர் கட்டுரையை நாலு தடவை படிச்சிருக்கான்!”

“அதையுமா?” என்றார் அப்பா. ஏழு மாதம் கழித்து அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“போட்டோப் பெட்டியெல்லாம் எடுத்துரு வைசு. ஒரே ஒரு பெட்டி வை. எடுத்ததும் கண்ணுல படுற மாதிரி.”

“அதுல என்னப்பா எழுதணும்?”

“அப்பா நம்பர் மாத்தலைன்னு எழுது.”