படிக்கட்டில் போட்ட நாற்காலி

பிளாஸ்டிக் நாற்காலியை மனைவியே தூக்கி வந்து படிக்கட்டுத் திருப்பத்தில் போட்டாள்.

"மேட்ச் முடியற வரைக்கும் உள்ள வந்துடாதீங்க. கண்ணாடியையும் கழட்டிப் பையில வச்சுக்கோங்க."

கட்டின புருஷனை வாசலுக்கு வெளியே உட்கார வைக்கிறோமே என்ற கூச்சம் அவள் முகத்தில் மருந்துக்கும் இல்லை. கதவு சாத்திக்கொண்டது.

கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன பேச்சைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷன். அது இல்லாவிட்டால் எதிர்ச் சுவரில் இருப்பது பல்லியா விரிசலா என்றுகூடத் தெரியாது.

யாரைக் குறை சொல்ல? வாயைக் கொடுத்து அவரேதான் மாட்டிக்கொண்டார்.

அவரைத் தவிர அந்த வீட்டில் எல்லோருக்கும் கால்பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம். மனைவி, மகன், மனைவியின் தம்பி, மூன்று பேருக்கும் ஒரே டீம். மகனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த டீம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை.

இன்று கடைசி மேட்ச். எதிரே ஆடுகிறவர்களுக்கும் இதே கதிதான். தோற்கிறவர்களைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். டிரா ஆனால்கூடத் தப்பித்துவிடலாம்.

போன வாரத் தோல்விக்குப் பிறகு மச்சினன் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தையை விட்டான். "எல்லாம் புதுப் பொண்ணு கால் வச்ச நேரம்க்கா."

எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் இந்த மாதிரிப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குக் கால்பந்து. நாளைக்குப் பால் திரிந்தாலும் அந்தப் பெண் தலையில்தான் விடியும்.

அதனால்தான் முந்திக்கொண்டார். தான் புதுக் கண்ணாடி மாட்டியதிலிருந்துதான் டீம் தோற்கிறது, தன் கண் பட்டால் எதுவும் விளங்காது என்று பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். வீடே அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. கண்ணாடி மாற்றியது கல்யாணத்துக்கு ரொம்ப முந்தி என்பதோ, அப்போது டீம் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தது என்பதோ ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

சரி, இன்று அவர் வெளியே உட்கார்ந்திருந்தும் தோற்றால்? பழி நேரே பழைய இடத்துக்குத்தான் போகும்.

உள்ளே விசில் சத்தம் கேட்டது. பந்து எந்தப் பக்கம் போனால் நல்லது என்றுகூடச் சரியாகத் தெரியாத மனிதர் கதவுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டார்.

மேல்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு ஏறி வந்தவர், நின்று ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் சண்டையா என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டு மேலே போனார். காற்றுக்காக உட்கார்ந்திருப்பதாக இவர் சொன்ன சமாதானம் அவர் முதுகில்தான் விழுந்தது.

திடீரென்று உள்ளே 'ஐயோ' என்று ஒரே குரலாகக் கேட்டது. எதிரி கோல் போட்டுவிட்டான்.

அதோடு பட்டென்று அடிக்கிற சத்தம். மச்சினன் தலையில் அடித்துக்கொள்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு உள்ளே மூச்சுச் சத்தம் இல்லை. இவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பாழாய்ப்போன பந்தை எவன் கண்டுபிடித்தான் என்று மனசுக்குள் திட்டினார். ஒரே ஒரு கோல் போடுங்களேன்டா, உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும் என்று கெஞ்சவும் செய்தார்.

போட்டார்கள். மனைவி போட்ட கூச்சலில் மேல்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

பிறகு விசில். மகன் "தப்பிச்சோம்" என்று கத்துவது கேட்டது. டிரா.

கண்ணாடிக் கடைக்காரர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. இனி அந்தப் பெண்ணை ஒருத்தரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவரை உள்ளே கூப்பிடத்தான் யாருக்கும் நினைவில்லை. அதனாலென்ன, இருக்கட்டும்.

கதவு மெல்லத் திறந்தது. மஞ்சளாய் ஒரு உருவம். மருமகள்தான். முகத்தைக் கையால் மூடியிருந்தாள். தோள் குலுங்கியது.

அவருக்குப் பகீர் என்றது. பாவிகள், அப்படியும் ஏதாவது சொல்லிவிட்டார்களா? அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

"தப்பிச்சாச்சு மாமா, ரெண்டு டீமும்."

ரெண்டு டீமுமா? அவர் விழித்தார்.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நாற்காலிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொன்னாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு எதிரே ஆடின அந்த டீம்தானாம். போன வாரம் அதுவும் தோற்றதாம். குழாயைத் திறந்துவிட்டு அழுதது அதற்காகத்தானாம். எல்லோரும் எதற்கோ சிரிக்கிறார்களே என்று கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாளாம். மச்சினன் பேச்சு அவள் காதில் ஏறவே இல்லை.

அப்போதுதான் அவருக்கு அந்தப் பட்டென்ற சத்தம் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்போ முதல் கோலுக்குக் கை தட்டினது நீயா?"

"கொசுன்னு சொல்லிட்டேன் மாமா."

"என் கண்ணுல ஒண்ணும் படலம்மா" என்று கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.