ஏழாவது படி

படிக்கட்டில் ஏற்றி இறக்கும் மின்சார நாற்காலி ஏழாவது படியில் நின்றுவிட்டது. மேலே இன்னும் ஆறு படி, கீழே ஆறு படி. வெண்டல் கைப்பிடிப் பொத்தானை மூன்று தரம் அழுத்திப் பார்த்தார். சுவரோரத் தண்டவாளத்தில் ஒரு முனகல்கூட இல்லை.

"லூசில், மணி என்ன?"

"நாலு மணி அஞ்சு நிமிஷம்" என்றாள் மனைவி, படிக்கட்டுக்கு அடியிலிருந்த அலமாரிக் கதவில் சாய்ந்தபடி. "நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் கரண்ட் எடுப்போம்னு கம்பெனிக்காரன் காலையிலேயே செய்தி அனுப்பினானே. பேட்டரிய ஊருக்குத் தூக்கிக் குடுத்துட்ட. நாற்காலிக்கு எங்கேர்ந்து வரும்?"

ஜூலை வெயிலில் ஊரெல்லாம் ஏசி ஓடி மின்சாரம் பற்றாமல் போகும் சாயங்காலங்களில், மின்சாரக் கம்பெனி, வீடுகளில் இருக்கும் பேட்டரிகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். கோடை முடிந்ததும் அதற்கு ஆயிரம் டாலருக்கு மேல் காசோலை வரும். அந்தப் பெருமையில் வெண்டல் கேஸ் இணைப்பையே பிடுங்கிப் போட்டு, வெந்நீரிலிருந்து அடுப்பு வரை எல்லாவற்றையும் கரண்டுக்கு மாற்றியிருந்தார். எடுக்கும் நேரத்தில் வீட்டில் விசிறி சுற்றக்கூடாது, டிவி பேசக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"வேண்டாம்னு சொல்றதுக்கு போன்ல ஒரு பொத்தான் இருக்கே. அழுத்தட்டுமா?" என்றாள் லூசில்.

"தொடாதே. ஒரு நாள் விட்டா சீசன் முழுக்கச் சராசரி இறங்கும், காசு குறையும்."

"அப்ப ஏழு மணி வரைக்கும் அங்கேயே உக்காரு, கிழவா."

அவர் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. நாற்காலி நகராவிட்டால் அவருக்கு மாடியும் இல்லை, தரையும் இல்லை.

ஐந்து மணிக்கு மகள் டெனீஸ் வருவதாக இருந்தது. அதனால்தான் அவர் நாலு மணிக்கே மேலே கிளம்பினார். முதியோர் இல்லத்தின் விளம்பர அட்டை ஒன்றை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து, நாலு வருஷமாக இதுதான் நடக்கிறது. அவள் கார் சத்தம் கேட்டால் இவர் நாற்காலியில் ஏறிவிடுவார். அவள் காலணியைக் கழற்றுவதற்குள் மாடிக் கதவு சாத்தியிருக்கும்.

நாளைக் காலை விமானத்தில் அவள் நாட்டின் மறு கோடிக்கு, ஓரிகனுக்குக் குடிபோகிறாள். அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை. இனி இந்த வாசலுக்கு எப்போது வருவாளோ, அப்போது இவர் இருப்பாரோ.

எதிர்ச்சுவரில், கண்ணுக்கு நேரே, வெறும் ஆணி ஒன்று இருந்தது. அதில் மாட்டியிருந்த மகளின் படத்தைக் கழற்றியவர் அவரேதான். திரும்பிக்கொள்ளலாம் என்றால் நாற்காலி திரும்பாது. வேர்வை கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கியது.

கார் வந்து நின்றது. கதவு திறந்தது. அம்மாவும் மகளும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு டெனீஸ் படியேறி வந்து, அவருக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"மாட்டிக்கிட்டியாப்பா?"

"ஏழு மணி வரைக்கும்."

அவர் ஆணியைப் பார்த்தார். அவள் தன் கால் விரல்களைப் பார்த்தாள். அந்த அட்டையைத் தான் கொண்டு வந்தது தப்பில்லை, ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டுப் போனது தப்பு என்று அவள் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று.

சமையலறையிலிருந்து ப்ளூபெரி கேக் வேகும் மணம் மெல்லப் படியேறி வந்தது. டெனீஸுக்குச் சின்ன வயதிலிருந்தே அதுதான் பிடிக்கும்.

"ஓரிகன்ல கம்பமெல்லாம் மரமா, இரும்பா?" என்றார் திடீரென்று.

"தெரியாது. பாத்துட்டு போன்ல சொல்றேன்."

"உன் போனை நான் எடுக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப கம்பத்தைப் பத்தி நான் யார்கிட்ட சொல்றது?"

"அம்மாவுக்குப் பண்ணு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்."

டெனீஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை, இழுத்துக்கொள்ள இடமும் இல்லை.

ஆறேகாலுக்கு அவள் எழுந்தாள். போஸ்டனில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், பெட்டிகள் இன்னும் கட்டவில்லை. கேக்கை டப்பாவில் போட்டுத் தருகிறேன் என்று லூசில் சொன்னாள். அப்பாவுடன் மேஜையில் உட்கார்ந்து ஒரு துண்டு சாப்பிட ஆசைதான், ஏழு வரை நிற்க முடியாதே என்றாள் மகள்.

"கொஞ்சம் இரு" என்றார் வெண்டல். "நானும் கீழ வர்றேன்."

லூசில் மறுபடியும் அந்த அலமாரிக் கதவருகே வந்து நின்றிருந்தாள். "எப்படி வருவ? பேட்டரிலதான் ஒண்ணும் இல்லையே. ஏழு மணிக்கு மேலதான்..."

நாலு மணியிலிருந்து முதல்முறையாக வெண்டல் ஆணியை விட்டுவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கரண்ட் இல்லாமலா கேக் வெந்துச்சு? அலமாரிக்குள்ள நீ அணைச்ச நாற்காலி சுவிட்சைப் போடு, லூசில்."