சந்தைத் திடலில் நாற்பது குழாய்கள்

காரிமங்கலம் சந்தைத் திடலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து உருவிய நாற்பது நீலக் குழாய்களை இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறாள் சிற்பி அமுதவல்லி. குழாய் தந்த விவசாயிகள், தங்கள் நஷ்டத்தைக் காட்சிக்கு வைத்துவிட்டாளே என்று கோபிப்பார்களோ என அவள் பயப்படுகிறாள். முதல் ஆளாக வந்த சென்னப்பன் தன் குழாயைத் தேடிக் கண்டுபிடித்து, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு அதில் காதை வைக்கிறார். காற்று எழுகிறது. ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு குரலில் ஊதுகிறது. அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். "அறுநூறு அடி போர் ஓட்டியும் வெறும் மண்ணுப் புகைதாங்க வந்துச்சு," என்கிறார் கண்ணைத் திறக்காமலே. "இப்பத்தான் ஏதோ ஒண்ணு வருது. இருங்க, எங்க வூட்டுக்காரியக் கூட்டியாறேன்." அவர் விறுவிறுவென்று நடக்க, அமுதவல்லி மண்ணில் உட்காருகிறாள். அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வருகிறது.