பித்தளை, ஒன்று

தோட்டாக் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் அதன் வரலாற்றைப் பளபளவென்று புத்தகமாகப் போட்டுக் கொடுத்தார்கள். பிலோமினா கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். முதல் இயந்திரம் இருந்தது. முதலாளியின் குதிரைகூட இருந்தது. வெடிமருந்துக் கொட்டகை வெடித்த நாளைக் காணோம். அதில் செத்த, அவளோடு வேலை பார்த்த வாசுகியையும் காணோம். அன்று பிலோமினாவின் தோளில் பாய்ந்த பித்தளைத் துண்டை எடுத்தால் கை போய்விடும் என்றார் டாக்டர். பதினாறு வருடமாக அது உள்ளேயேதான் இருக்கிறது. அவள் வேலை முடிந்து கிளம்பும்போதெல்லாம் வாசலில் இருக்கும் மெட்டல் டிடெக்டர் அலறும். காவலாளி சீட்டு எழுதிக் கொடுப்பான்: ‘பித்தளை, ஒன்று. அனுமதிக்கப்பட்டது.’

மேடையில் இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “இந்த ஐம்பது வருசத்துல அனுமதி இல்லாம ஒரு துண்டுகூட நம்ம கேட்டைத் தாண்டினதில்ல!”

கைதட்டினார்கள். பிலோமினா எழுந்து போய் டிடெக்டருக்குள் நின்றாள். அது அலற ஆரம்பித்தது.

“யக்கா, இந்தாங்க சீட்டு. வெளிய போயிருங்க,” என்று காவலாளி பதறினான்.

“வெளிய போறதுக்குத்தான் தெனம் எழுதிக் குடுக்கிறியே தம்பி. இது என் தோளுக்குள்ள வர்றதுக்கு எவன் அனுமதி குடுத்தான்? அந்தச் சீட்டைக் கொண்டாரச் சொல்லு.”

அவள் நகரவில்லை. மேடையில் இயக்குநர் குரலை உயர்த்திக்கொண்டே போனார்.