ஜே அனுப்பிய எழுத்துகள்

ஷாமினி குளிக்கப் போனதும், ரெஜினோல்ட் மனைவியின் போனை எடுத்தான். இன்றைக்கும் அந்த 'ஜே' அனுப்பியிருந்தான்: M7rK4x.

ரகசிய பாஷை! எம் என்றால் மருதானை ஸ்டேஷன், ஏழு என்றால் ஏழு மணி. மிச்ச எழுத்தெல்லாம் கொஞ்சலாகத்தான் இருக்கும்.

அவள் வந்ததும் கேட்டான்: "ஏழு மணிக்கு மருதானையில ஆரைச் சந்திக்கப் போறீர்?"

ஷாமினி நிதானமாகத் தலையைத் துவட்டினாள்.

"அதுக்கு அர்த்தமே இல்லை. எழுத்தையும் இலக்கத்தையும் கண்டபடி குலுக்கி எடுக்கிற புரோகிராம் ஒண்டு எழுதினனான். 'ஜே' எண்டு பதிஞ்சு வச்சிருக்கிற என்ர பழைய நம்பரில இருந்து அதுதான் அனுப்புது."

"உமக்கு நீரே அனுப்புறீரோ? ஏன்?"

"என்ர போனை இனித் தொடமாட்டன் எண்டு அந்தோனியார் மேல சத்தியம் பண்ணினீங்கள். அதுதான்."