குமிழி நின்ற பாட்டில்

"குமிழி நின்னா எனக்கு போன் பண்ணுன்னுதானே சொன்னேன்? உன்னை யாருடா பாட்டில்ல கை வைக்கச் சொன்னது?"

மாமா விட்ட அறையில் மச்சினன் மீன்தொட்டியோடு சரிந்தான். கண்ணாடி நொறுங்கி, தண்ணீரும் செடிகளும் அவன் மேலேயே கொட்டின. பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்ட்டும் ஊறவைத்து, அதில் குமிழியிடும் வாயுவைக் குழாய் வழியாகத் தொட்டிச் செடிகளுக்கு விடுவது மாமாவின் ஏற்பாடு. அதுவரை மாமாவைத் தவிர யாரும் அந்தத் தொட்டிக்குள் கை விட்டதில்லை.

"செடிக்கு வாயு போகலையேன்னுதான் பார்த்தேன் மாமா. குழாய்ல சோப்புத் தண்ணி தடவினேன், எங்கயும் கசியல. ஈஸ்ட்தான் செத்துப்போச்சு. அதான் பழைய சர்க்கரைத் தண்ணிய சிங்க்ல கொட்டிட்டு..."

"கொட்டிட்டியா?" மாமாவின் முழங்கால் அவன் விலாவில் இறங்கியது. "பத்து நாள் பாட்டில்டா அது."

ஓடிவந்து தடுத்த அக்காவையும் பிடித்துத் தள்ளினார். சுவரில் தலை மோதிய பிறகும் அவள் தம்பியைத்தான் திட்டினாள். "குடிய விட்டு ஆறு மாசமா இந்தத் தொட்டியே கதின்னு கிடக்கிற மனுஷன்டா. அவர் வளர்க்கிற செடியில உனக்கென்ன வேலை?"

மச்சினன் மூக்கு ரத்தத்தைத் துடைத்தான். விழுந்த வேகத்தில் கொத்தாகப் பிடித்த செடி இன்னும் அவன் கையில் இருந்தது. அத்தனை கசக்கியும் ஓர் இலைகூடக் கிழியவில்லை.

அதை அக்காவிடம் நீட்டினான். அவள் இலையை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

பிளாஸ்டிக்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். குனிந்து சிங்க்கை முகர்ந்தாள். சாராய வாடை குப்பென்று அடித்தது.

திரும்பி வந்தபோது அவள் கையில் இரும்புச் சட்டி இருந்தது.

"நீ கொஞ்சம் தள்ளிக்கோடா" என்றாள் தம்பியிடம்.